பூனைகள் வராத கூடை

பதினெட்டு நாள் கழித்து ஜெகதீசன் கடலிலிருந்து வீடு திரும்பினான். சந்து முனையில் படுத்துக் கிடக்கும் மாடு, தண்ணி லாரி ஹாரன் அடித்தாலும் எழாது. அவனைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றது. நாய்கள் குரைக்காமல் எதிர்ப்பக்கம் போயின.

"இன்னாய்யா, உன் மேல எதுனா நாத்தம் கீதா?" என்று சிரித்தாள், வாசலில் நின்று பார்த்த மனைவி நீலா.

"டீசல் நாத்தமா இருக்கும், வுடு."

நன்றாகச் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினான்.

மறுநாள் காலை நீலா காசிமேட்டில் படகுத்துறை மேடையில் மீன்கூடையை இறக்கினாள். பூனைகளை விரட்டியே கை ஓய்ந்துபோகும் இடம் அது. அன்று அவளிடம் ஒன்றுகூட வரவில்லை.

"உனுக்கு இன்னிக்கு நிம்மதிதான்க்கா" என்றாள் பக்கத்தில் மீன் விற்கும் ஜோதிகா.

நீலாவுக்கு என்னவோ போலிருந்தது. தினமும் தன் மடியில் வந்து படுக்கும் வெள்ளைப் பூனையைக் கூப்பிட்டு ஒரு மத்தியை நீட்டினாள். அது அவள் முகத்தையே பார்த்தபடி பின்வாங்கியது. அவள் கிட்டே போகப் போக அதுவும் பின்னால் போனது.

"அங்க போவாத, தண்ணி!" என்று கத்தினாள்.

பூனை மேடை விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்தது. நீலா குனிந்து கை நீட்டினாள். அது அந்தக் கையைப் பார்த்தது. பிறகு திரும்பி, கடலுக்குள் நீந்திப் போனது.