ஒன்றரைச் சுற்று

“மூணாவது தடவை லிஃப்ட் படுத்துடுச்சு. உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு.”

பெரியவர் ஷெட் வாசலில் நின்று கத்தினார்.

மெக்கானிக் டிராக்டருக்கு அடியில் தலையை விட்டிருந்தார்.

தோட்டத்து டிராக்டர் அது. சின்னது, பழசு. கலப்பையைத் தூக்க முன்பெல்லாம் கை லீவர்தான். உடைசலுக்குப் போன வேறொரு வண்டியிலிருந்து ஹைட்ராலிக் லிஃப்டைக் கழற்றி வந்து, பம்ப், சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் இதில் பொருத்தியவர் இந்த மெக்கானிக். ஒரு மாதம் பூ மாதிரி தூக்கியது. அப்புறம் பிடித்தது வினை. வந்து சரிபண்ணிவிட்டுப் போவார். பத்தாம் நாள் போன் வரும்.

“பழைய வண்டிக்கு ஒட்டு போட்டா இப்படித்தான் அத்தான்,” என்றார் மச்சான். பெரியவர் மனைவியின் தம்பி. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “என் வண்டியையும் இவர்கிட்ட விடலாம்னு இருந்தேன். இன்னைக்கு இது தூக்குதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

மெக்கானிக்குக் கேட்டது. பட்டறை காலியாகக் கிடக்கிறது. அந்த வண்டி வந்தால்தான் இந்த மாதம் ஓடும்.

எழுந்தார். எஞ்சினை ஓடவிட்டு லீவரை இழுத்தார். பம்ப் முனகியது. கலப்பை ஒரு சாண் எழுந்தது. யோசித்தது. இறங்கிவிட்டது.

“கும்பிடு போடுது,” என்றார் மச்சான்.

ஆயிலைப் பார்த்தார் மெக்கானிக். இருக்க வேண்டிய அளவுக்கு இரண்டு விரல் குறைவு. ஹோஸ் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்த்தார். கசிவு இல்லை. தரையும் காய்ந்து கிடந்தது.

“ஆயில் குறைஞ்சிருக்குங்க. ஆனா எங்கேயும் ஒழுகலை.”

“ஒழுகாம எங்கே போச்சு? டிராக்டர் குடிச்சிடுச்சா?”

ஆயிலை ஊற்றினார். ஹோஸில் இருந்த காற்றை வெளியேற்றினார். மறுபடி லீவர். இந்தத் தடவை கலப்பை முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.

பம்புக்குப் பக்கத்தில் பிரஷர் ஸ்க்ரூ இருக்கும். முறுக்கினால் லிஃப்டுக்குப் பலம் கூடும், தளர்த்தினால் குறையும். வேலை முடிந்ததும் அந்த ஸ்க்ரூவின் தலைமேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்துவிடுவது மெக்கானிக்கின் வழக்கம். வேறு யார் கை பட்டாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

குனிந்து பார்த்தார். கோடு விலகியிருந்தது. மரையை எண்ணினார். சரியாக ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியிருந்தார்கள்.

மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. பேர் தப்பித்தது. காட்டினால் போதும்.

“ஐயா, இங்கே வந்து பாருங்க. இதை யாரோ...”

நிமிர்ந்தார். பெரியவரின் முதுகுக்குப் பின்னால், கையில் தண்ணீர் டம்ளரோடு அவர் மனைவி. கண்ணை அகல விரித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று.

மெக்கானிக் ஸ்க்ரூவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“யாரோ என்னங்க, நான்தான். நான் மாட்டின பம்பே சரியில்லை. என் தப்பு. வேற பம்ப் தேடணும், நாளாகும்.”

“அவர் வாயாலேயே வந்துடுச்சு பாருங்க அத்தான். என் வண்டி என் வீட்டுலயே இருக்கட்டும்.” மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரியவர் இன்னும் நாலு வார்த்தை கூட்டித் திட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

மெக்கானிக் சாமான்களை வாரிக்கொண்டு கேட்டைத் தாண்டுமுன் அந்த வீட்டு அம்மா ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்கோ தம்பி. அவருக்கு முதுகெலும்பு பிசகியிருக்கு. மூணு மாசம் டிராக்டர்ல ஏறவே கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். இவர் யார் பேச்சைக் கேட்டார்? அதான் நானே...”

“பரவாயில்லைம்மா. ஆனா இனிமே அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்க.”

“எந்த ஸ்க்ரூ? நான் ஆயிலைத்தானே எடுத்தேன். பேரனோட தண்ணித் துப்பாக்கியால உறிஞ்சி உறிஞ்சி.”

“அப்போ ஸ்க்ரூவைத் திருப்பினது?”

“அது எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது தம்பி.”

“அங்கே அவன்கிட்ட என்ன பேச்சு?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினார்.

பெரியவர் வந்தார். ஒரு கை இடுப்பைத் தாங்கியிருந்தது. மறு கையில், மெக்கானிக் மறந்துவிட்டு வந்த ஸ்பேனர். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்க்ரூவைப் பார்த்துட்டும் காட்டிக்கொடுக்காம விட்டியே, நல்லா இருப்பே. வண்டியில ஏறி உட்கார்ந்தா உயிர் போகுதுப்பா. வலிக்குதுன்னு நான் வாயைத் திறந்தா, அவ சொன்னது சரின்னு ஆயிடும். நீ பம்பை மெதுவாவே தேடு.”

“தேடறேங்க. ஆனா உங்க மச்சான் வண்டி கைவிட்டுப் போச்சே.”

“அவனை நான் பார்த்துக்கறேன். நாளைக்கு உன் பட்டறையில நிக்கும்.”

“அப்போ திட்டறதையும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே ஐயா.”

“அது மட்டும் முடியாது. குறைச்சா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்.”

சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். “வேலை தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா ஸ்பேனர்?”