பெட்டியில் விரித்த சட்டை

“இன்னைக்கும் அந்தத் தாய்ப்பூனை சீறுச்சுன்னா, குட்டிங்களோட வெளியே அனுப்பிடணும்!” நாற்காலியில் இருந்தபடியே கறாராகச் சொல்லிவிட்டார் மாமனார்.

தெருப்பூனைக்கு மனித வாசனை பழகட்டும் என்று, தினமும் ஓர் அழுக்குச் சட்டையை அதன் பெட்டியில் விரிக்கும் வேலையைக் கணவனிடம் விட்டிருந்தாள் மருமகள்.

பூனைகளை வைத்திருந்த அறையின் கதவைத் திறந்தாள். பூனை எட்டிப் பார்த்தது.

“வருதுங்க, வருது! உங்ககிட்டதான் வரும் பாருங்க!” என்று கணவனிடம் சொல்லித் துள்ளினாள்.

பூனை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாமனார் மடியில் ஏறிச் சுருண்டது. குட்டிகளும் அவர் காலைப் பற்றித் தொற்றி ஏறின.

“மாமா! எங்களுக்குத் தெரியாம பால் கீல் ஊத்துனீங்களா?”

“நான் அந்த ரூம் பக்கமே போனதில்லம்மா!” அவர் குரல் குழைந்தது. “பாரேன், என்னையே தேடி வந்திருக்கு!”

அவள் கணவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “பெட்டியில யார் சட்டையை விரிச்சீங்க?”

“அப்பா சட்டையைத்தான். நம்மகிட்ட பழகி என்ன பிரயோஜனம்? துரத்தணும்னு நிக்கிறது அவர்தானே!”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கூடத்திலிருந்து அடங்கிய குரலில் அதட்டல் வந்தது: “அங்க என்ன சத்தம்? குட்டிங்க தூங்குதுல்ல!”