மூன்று நாளாகக் காற்று நிற்கவில்லை

"மறுபடியும் நாலும் சூம்பிப் போச்சா மாமா?"

மாப்பிள்ளை எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிறவர். இவர்களை அழைத்துப்போகத் தன் ஊரிலிருந்து படகுத்துறைக்கு வந்து தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டார்.

"போச்சு மாப்பிள்ளை," என்றார் மாமனார். ஓய்வுபெற்ற படகோட்டி. முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. எதிரே சைக்கிள் பம்பு, பசை டப்பா, வெந்நீர் வாளி, உப்புத்தாள். "நேத்து சாயங்காலம் கல்லு மாதிரி ஏத்தி வெச்சேன். காலையில பார்த்தா பழைய செருப்பு மாதிரி தொங்குது."

படகு மோதி நசுங்காமல் இருக்க இருபக்கமும் தொங்கவிடுகிற காற்றுப் பைகள்தான் ஃபெண்டர்கள். துறைச்சுவர்ப் பக்கம் இரண்டு, அடுத்த படகுப் பக்கம் இரண்டு. எல்லாம் யாரோ கழித்துப்போட்டதைப் பொறுக்கிவந்து ஒட்டு மேல் ஒட்டுப் போட்டவை. நாலிலும் காற்று முழுசாக நிற்காவிட்டால் மகள் இருக்கும் ஊரின் துறைக்குள் படகைக் கட்ட விடமாட்டார்கள்.

அந்த ஊருக்குத்தான் மாமனாரும் மாமியாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மொத்தமாகக் குடிபோகிறார்கள். திங்கட்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். இன்று புதன். வீட்டில் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. இரண்டு தட்டும் இரண்டு டம்ளரும்தான் வெளியே இருக்கின்றன.

மாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் துறைக்குமாகக் காலையிலிருந்து இது நாலாவது நடை.

"சரியாயிருச்சாங்க?"

"ஆயிரும்மா, ஆயிரும். நீ போய் உட்காரு. எப்படியும் இன்னிக்குப் பொண்ணு முகத்தைப் பார்த்துருவே."

"எனக்கென்ன அவசரம்? உங்களுக்குத்தான் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"இப்பதான் உங்க பொண்ணு போன் பண்ணினா அத்தை," என்றார் மாப்பிள்ளை. "உங்க ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சாம். பச்சை."

"பச்சைன்னா உங்க மாமாவுக்கு உயிராச்சே," என்றார் மாமியார். சொல்லிவிட்டு ஏனோ கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமனார் சுவர்ப் பக்கத்து ஃபெண்டர்கள் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, பேன் பார்க்கிற மாதிரி அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தார். வெந்நீரில் முக்கினார். காற்றடித்தார். சோப்பைப் பூசினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அந்தப் பக்கத்து ரெண்டையும் எடுங்க மாமா, பார்த்துடலாம்."

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. முதல்ல இந்த ரெண்டு."

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. அலுவலகத்தில் அரைநாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே படகில் இறங்கினார். அந்தப் பக்கத்து இரண்டையும் அவிழ்த்து வந்தார். நாலுக்கும் காற்றடித்து, காற்று வாயின் திருகை இறுக்கி, நுரை பூசி வரிசையாகக் கிடத்தினார். கால் மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"மாமா, இதுல ஓட்டையே இல்லை!"

"இல்லாம எப்படி இறங்கும்?"

"யாரோ திருகைத் திறந்து காத்தை விட்டுட்டு, மறுபடி மூடி வெச்சிருக்காங்க. மூணு நாளா நடக்குது. வேற யாரு? அதோ பாருங்க."

துறை வாசலில் காவல்காரர் நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"நான் இப்பவே துறை ஆபீசுக்குப் போறேன். ஒண்ணு அந்தாளு செஞ்சிருக்கணும், இல்ல செய்ய விட்டிருக்கணும். இன்னிக்கோட அவருக்கு வேலை காலி."

"வேண்டாம்!" என்றார்கள் மாமனாரும் மாமியாரும் ஒரே நேரத்தில்.

மாப்பிள்ளை நின்றார். மாமியார் முந்தானையைக் கையில் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார்.

"அந்தாளு பிள்ளைகுட்டிக்காரன். அவன் மேல பழி போடாதீங்க மாப்பிள்ளை. காத்தைத் திறந்து விட்டது நான்தான்."

சோப்புத் துணி மாமனார் கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது.

"நீயா?"

"நான்தான். விடியகாலைல பால் வாங்கப் போறப்ப. மூணு நாளும்." மாமியார் அழவில்லை. கோபம்தான் வந்தது. "முப்பது வருஷம் இருந்த வீடு. அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? பொண்ணு வேலைக்குப் போயிடுவா. நான் பச்சைச் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். நீங்க ஆசைப்படறீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

"நானா ஆசைப்பட்டேன்? நீ பொண்ணு, பொண்ணுன்னு உருகுறியேன்னுல்ல நான் கிளம்பினேன்!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ சொன்னியா?"

"இருங்க, இருங்க," என்று குறுக்கே புகுந்தார் மாப்பிள்ளை. அவருக்கு இன்னும் கணக்கு இடித்தது. "படகுல கால் வெச்சாலே உங்களுக்குத் தலை சுத்துமே அத்தை. அந்தப் பக்கத்து ரெண்டையும் எப்படித் திறந்தீங்க?"

"அதை யாரு தொட்டா? சுவர்ப் பக்கம் கைக்கு எட்டின ரெண்டைத்தான் திறந்தேன். மிச்சம் ரெண்டும் தானாவே இறங்கினதும், சாமியும் நம்ம பக்கம்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் பம்பைப் பார்த்தார்.

"சாமியும் இல்லை, பூதமும் இல்லை. சாயங்காலம் கயித்தை இறுக்கப் போறப்ப அந்த ரெண்டையும் திறந்து விட்டது நான்தான்," என்றார் மெதுவாக. "இந்த ரெண்டும் எப்படி இறங்குதுன்னுதான் மூணு நாளா சோப்புப் போட்டுத் தேடி மண்டை காஞ்சு கிடக்கேன்!"