எஞ்சினைக் கொன்னவன்

எஞ்சின் ஆயில் சல்லடையை மண்ணெண்ணெயில் மூன்றாவது முறை அலசியபோது வீராசாமியின் கை அப்படியே நின்றுவிட்டது. கறுப்புக் கசடு விலகி, தட்டின் அடியில் வெளுப்பாக ஒரு பிடி பொடி படிந்திருந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். நறநறவென்றது.

"ஏய் பேபி, இங்க வா! மாட்டிக்கினான்டி திருட்டுப் பய!"

வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிரக்கூட இல்லை. "காலங்காத்தால கத்தாத. மொதல்ல அந்த ஆயில் டப்பாவ அந்தாண்ட தள்ளு. கோலத்து மேல சொட்டுது பாரு."

நூம்பலில் அவர்கள் வீட்டு முன்பக்கம் முழுவதையும் அந்தப் பழைய டிராக்டர்தான் அடைத்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லி காயலான் கடையில் அறுக்கப்போன வண்டியைக் குறுக்கே விழுந்து வாங்கி வந்தார். எஞ்சினைக் கழற்றிப் பலகைமேல் பரப்பி ஆறு மாதமாகிறது. ரிடையரான மனுசனுக்கு வேற வேலை இல்லையா என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கிறவனுக்கு என்ன தெரியும்?

இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் இதே வண்டிக்கு அவர்தான் டிரைவர். பண்ணைக்காரர் இராமகிருஷ்ணனிடம் இவர் உழவு ஓட்ட, பேபி அந்த வீட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாடு பார்த்தாள். அந்த வருசம் மாதிரி ஒரு வருசம் எதிரிக்கும் வரக்கூடாது. தை மாசம் மூத்த பெண் குழந்தை காய்ச்சலில் போனது. மாசியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சேற்றிலேயே இறுகி நின்றது.

"ஆயில் ஊத்தாம என் எஞ்சினைக் கொன்னுட்டான்" என்று முதலாளி நட்டநடு ரோட்டில் வைத்துச் செருப்பால் அடித்தார். எஞ்சினைத் திறந்து பார்க்கக்கூட விடவில்லை. மறுவாரமே புது டிராக்டர் வந்தது, பழையது கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடிக்கப் போனது. புது வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் அய்யாசாமி.

அதற்கு முன்னால் அய்யாசாமிக்கு என்ன வேலை? மொசைக் தரைக்குப் பாலிஷ் போடும் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கல்பொடியோடுதான் திரிவான்.

வீராசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பிடித்துப் பிழைத்துக்கொண்டார். ஆனால் பெயர் போகவில்லையே! மகன் கல்யாணப் பத்திரிகையை நீட்டிய வீட்டில்கூட, "எந்த வீராசாமி? எஞ்சினைக் கொன்னவரா?" என்றுதான் கேட்டார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

இப்போது முதலாளியும் இல்லை, நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அய்யாசாமிதான் கோயில் தலைவர். இன்று மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம். பத்து மணிக்கு அவன் தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள்.

வீராசாமி பொடியை ஒரு ஊறுகாய் பாட்டிலில் வழித்துப் போட்டார். ஆத்திரத்தில் பாதி கீழே கொட்டியது.

"ஆயில் ஊத்துற மூடியத் தொறந்து மொசைக் பொடியக் கொட்டிக்கீறான்டி. பேரிங்கெல்லாம் எப்டி அரிச்சிக் கீது பாரு! பரிவட்டம் அவன் தலையில ஏறட்டும். ஊரே பாத்துக்கினு கீறப்ப இத்த அவன் மூஞ்சில கொட்டுறேன். பொண்டாட்டி புள்ள, பேரப் புள்ளைங்க எல்லாத்துக்கும் எதிர்ல நாறட்டும் நாயி."

பேபி மாவுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வேணாம்யா. உட்டுடு."

"உட்றதா? செருப்படி வாங்குனவன் நானு. உனுக்கு சூடு சொரணை கீதா இல்லியா?"

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினார். அவர் சாவியைப் போடுவதற்குள் பேபி வந்து வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம பொண்ணு போன அன்னிக்கி உனுக்கு மூணு தபா ஆள் அனுப்புனேன். நெனப்பு கீதா?"

"இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?"

"'மிச்சம் நாலு ஏக்கராவ ஓட்டிட்டுப் போவட்டும்'னான் உன் மொதலாளி. நீயும் தலைய ஆட்டிக்கினு ஓட்டி முடிச்சே. நீ வர்றதுக்குள்ள என் மடியிலயே பூட்டா." பேபியின் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "பதினாறாம் நாள் காரியங்கூட முடியல. அதே வண்டி மேல ஏறிக் குந்திக்கினு அவன் நெலத்த உழப் போனியே... எனுக்கு வயிறு எரிஞ்சுதுய்யா. அவன் மேலயும் எரிஞ்சுது, உன் மேலயும் எரிஞ்சுது."

வீராசாமி பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுக்கும் அய்யாசாமி போட்ட பொடிக்கும் இன்னா சம்மந்தம்?"

பேபி அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, குனிந்து, கோலத்தில் விட்ட இடத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து முடித்தாள்.

"இது மொசைக் பொடி இல்லய்யா, அன்னிக்கி நான் போட்ட கோலமாவு."