ஆளில்லாத வயல்

மின்னல் எங்கே விழ வேண்டும் என்பதை மனிதர்களே தீர்மானித்துக்கொண்டிருந்த காலம் அது. நாடெங்கும் திரளும் இடிமேகங்களைக் கண்காணித்த நிலையம், ஒவ்வொரு மின்னலையும் ஆளில்லாத நிலம் பார்த்து இறக்கியது. ஊர்களுக்குள் இடி விழுந்து எவரும் இறப்பதில்லை. ஆகவே அந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

கமுதிக்கு அருகே, அறுவடை முடிந்த வயலொன்றில் இருளாயி எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். அவள் கணவன் குடிலுக்குள் காய்ச்சலில் படுத்திருந்தான். அந்தி வேளையில் வரப்போரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த மின்னல் அந்த வயலுக்கு என்று அதற்குப் பொருள். அவள் ஓடிப்போய், நிலையத்தோடு பேசுவதற்காகக் கம்பத்திலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"அங்கே ஆளில்லைன்னு காட்டுதேம்மா," என்றார் நிலையத்து அலுவலர்.

"அப்ப பேசுறது என்ன பேயா? வீட்டுக்காரரு எந்திரிக்க முடியாமக் கெடக்காரு. இம்புட்டு ஆட்டையும் எங்கிட்டு ஓட்ட?"

"சரி, கோபப்படாதீங்க. கிழக்கு வயலுக்கு மாத்திடுறேன்."

"ஐயய்யோ! அதுல என் தம்பி கிடை போட்டிருக்கானே!"

அலுவலர் உண்மையிலேயே வருந்தினார். "மேகம் இனிமே தாங்காதும்மா. எங்கயாவது இறக்கியாகணும். ஆளில்லாத வயலா நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

இருளாயி சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வயல்களிலெல்லாம் கிடைகள் இருந்தன. எல்லாக் கிடைகளிலும் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"வடக்கு வயலு சாமி," என்றாள் மெதுவாக. "அங்கன யாருமில்ல."

கிணற்றடிச் சண்டைக்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மாயக்காள், வடக்கு வயலில் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.