மொட்டை மூலை

இராசேஸ்வரியக்காவின்ரை பார்வை எனக்குத் துண்டறப் பிடிக்கேல்லை.

மகள் கிறிஸ்ரினாவுக்குக் கலியாணச் சட்டை தைக்கத்தான் அவவை மண்கும்பானிலையிருந்து கூப்பிட்டனான். அளவெடுக்கிறது பிள்ளையிலை, கண் எங்கட அலுமாரியிலை. மேல் மூலையொண்டிலை குமிழில்லாமல் மொட்டையா நிண்டாலும் அது நல்ல தேக்கு.

"இதை எங்கை வாங்கினனீங்கள், எமிலி?"

"தொண்ணூற்றேழிலை, யாழ்ப்பாண ரவுணிலை. பழைய சாமான் கடையொண்டிலை."

அவ அலுமாரிக் கதவை ஒருக்காத் தடவினா.

அவ போனவுடனை மனுசனிட்டைச் சொன்னன்.

"சண்டை நிண்டு பாதை திறந்து வன்னியிலையிருந்து திரும்பின சனம் வீடு வீடாத் தங்கட சாமானைத் தேடித் திரியுது. இவவும் என்ரையெண்டு நிப்பா, பாருங்கோ. பிள்ளைக்கு அடுத்த மாதம் குடுத்துவிட எங்களிட்டை வேறை என்ன கிடக்கு?"

"அவவின்ரையெண்டால் குடுக்கத்தானே வேணும்," எண்டார் லியோன்.

இவரிட்டைப் போய்ச் சொன்ன என்னைச் சொல்லவேணும்.

அடுத்த கிழமை அக்கா தைச்ச சட்டையோடை வந்தா. பையுக்குள்ளையிருந்து கடைஞ்ச மரச் சாமான் ஒண்டையும் எடுத்து மேசையிலை வைச்சா. தேசிக்காயளவு உருண்டை. அடியிலை புரி போட்ட சின்னக் காம்பு.

"ஊர்காவற்றுறையிலை பழைய சாமானுக்குள்ளை கிடந்தது. என்னெண்டு தெரியேல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

"பம்பரமாக்கும்," எண்டாள் கிறிஸ்ரினா.

"புரி போட்ட பம்பரமோ? இது கட்டில் காலின்ரை தலைப்பு," எண்டன் நான்.

லியோன் அதை உருட்டிப் பாத்தார். பிறகு அலுமாரியின்ரை மொட்டை மூலையை அண்ணாந்து பாத்தார். கதிரையிலை ஏறி நிண்டு அதிலை வைச்சுத் திருகினார். பிடிக்கேல்லை. அமத்தித் திருகினார், அதுக்கும் பிடிக்கேல்லை.

"இது வேறை என்னத்தின்ரையோ," எண்டார்.

அக்கா சட்டையை மடிச்சபடி சொன்னா. "இடப்பக்கம் திருப்பும், தம்பி. ஆசாரியார் புரியை மாறிப் போட்டிட்டார்."

இடப்பக்கம் திருப்பினார். குமிழ் போய் வடிவா இருந்திட்டுது.

எனக்கெண்டால் வெக்கத்திலை அவவின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

"அக்கா, அப்ப இது உங்கட..." எண்டு இழுத்தன்.

"ஓடேக்கை அலுமாரியைத் தூக்க ஏலுமோ? இதை மட்டும் கழட்டிக்கொண்டு போனனான். வன்னி முழுக்க என்னோடைதான் திரிஞ்சது."

"நாளைக்கே ஏத்திவிடுறன், அக்கா," எண்டார் லியோன். நான் மறிக்கேல்லை.

அக்கா கிறிஸ்ரினாவின்ரை தலையைத் தடவினா.

"எனக்கும் அது சீதனமா வந்ததுதான், எமிலி. பிள்ளைக்கு மொட்டையாக் குடுத்துவிடக்கூடாதெண்டுதான் குமிழைக் கொண்டுவந்தனான்."