ஐரின் கேட்ட வெளிச்சம்

“நாளைக்கு நான் பாடும்போது ஹால் விளக்கு எரியணும் சார்” என்றாள் செண்பகவல்லி. எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அந்த ஹோட்டலில் வெளிச்சம் காபரே பாடகி மேல்தான். கேட்கிறவர்கள் முகமெல்லாம் இருட்டில்தான்.

“வீட்ல மொத டிகிரி வாங்கினவன்னா இவ்ளோ வாயா?” என்றார் மேனேஜர் குணசீலன். “உனக்கு முன்னாடி பாடின ஐரினும் இதையேதான் கேட்டா. பார்த்தேல்ல.”

பார்த்திருந்தாள். அன்று அவள் கோரஸில் பின்னால் நின்றிருந்தாள். பாட்டின் நடுவே ஐரின் ஹால் விளக்கைப் போடவைத்தாள். மூன்றாம் மேசையில் இருந்தவனை இமைக்காமல் பார்த்து, மீதிப் பாட்டு முழுவதையும் அவனுக்கே பாடினாள். சிரித்துக்கொண்டேதான் பாடினாள், கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. மறுநாளிலிருந்து ஐரின் இல்லை.

“அவ ஊருக்குப் போயிட்டாம்மா.”

“செருப்பை இங்கயே விட்டுட்டா?”

குணசீலன் குரலைத் தாழ்த்தினார். “உன்னை நாளைக்கு மேடையேத்தச் சொன்னதே அந்த மூணாம் மேசைக்காரர்தான். போலீசுக்குப் போலாம்னு நினைக்காத. ஸ்டேஷன்ல அவருதான் இன்ஸ்பெக்டர்.”

“அப்ப ஐரின் எங்கன்னு அங்கயே கேட்டுக்கறேன்” என்று ஒத்திகை மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு, செண்பகவல்லி வெயிலில் இறங்கி நடந்தாள்.